தோட்டத்து வாசலிலிருந்து திருச்சி வரை: முதல் விமானப் பயணத்தில் உடம்பு நோகாமல் இருக்க

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். வேனில் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். அங்கிருந்து திருச்சிக்குப் பறக்கும் நேரம் நாலு மணி நேரத்துக்குப் பக்கம். இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடித்து, தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ மறுபடி கார். எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அதில் வானத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"எனக்குப் பிளேன் ஒத்துக்கல" என்று சொல்லும் பெரியவர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது பிளேன் அல்ல. வேனில் மடங்கியே கிடந்த கால், முதல் நாள் இரவு மூட்டை கட்டிக் கெட்ட தூக்கம், அவசரத்தில் விட்ட சாப்பாடு. அதனால் உட்கார்ந்திருக்கும் நேரத்தை விமானத்தில் ஏறியதிலிருந்து எண்ணாதீர்கள். வீட்டு வாசலில் வேன் ஏறியதிலிருந்து எண்ணுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

விலையை மட்டும் பார்த்து எடுப்பதுதான் வழக்கம். விடியற்காலை ஆறு மணி விமானம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு முந்தின இரவு பத்து மணிக்கே வேன் ஏற வேண்டும். எழுபது வயது பாட்டிக்கு ஓர் இரவுத் தூக்கம் போவதைவிட ஐம்பது ரிங்கிட் கூடக் கொடுத்துப் பிற்பகல் விமானத்தில் போவது மேல். சென்னைக்குப் போகிறவர்கள் பினாங்கிலிருந்து போகும் விமானத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து அங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஏறத்தாழ பாதித் தூரம்தான்.

இந்தத் தடத்தில் பறப்பவை பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள். நடுவில் ஒரே நடைபாதை, இரு பக்கமும் மும்மூன்று இருக்கை. ஏ, எஃப் ஜன்னலோரம். சி, டி நடைபாதையோரம். பி, இ நடுவில். முழங்கால் வலி உள்ளவர், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறவர், காலில் நரம்பு சுருண்டவர் ஆகியோருக்கு சி அல்லது டி. தூங்க வேண்டும் என்பவருக்கும் பயப்படாத பிள்ளைக்கும் ஜன்னல். தலைசுற்றல், வாந்தி வருகிறவரை இறக்கைக்கு நேராக உட்கார வையுங்கள். குலுக்கல் குறைவாகத் தெரியும் இடம் அது. கடைசி வரிசைகளில் குலுக்கலும் கூடுதல், கழிவறைக்கு நிற்கும் வரிசையும் தலைமாட்டில்.

அவசர வழியை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் அங்கே முதியவர், கர்ப்பிணி, குழந்தை உட்கார முடியாது. அவசரம் என்றால் அந்தக் கதவைத் திறக்கத் தெம்புள்ளவர் தேவை என்பதே காரணம். "தாத்தாவுக்குக் கால் வலி" என்று காசு கட்டி அந்த இருக்கையை எடுத்தால் விமானத்துக்குள் எழுப்பி மாற்றிவிடுவார்கள். அதற்கு நேர் முன் வரிசை பல விமானங்களில் பின்னால் சாயாது. அதையும் தவிர்க்கலாம்.

அதிக தூரம் நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட்டோடு சேர்த்தே கேளுங்கள்; குறைந்தது 48 மணி நேரம் முன்பு சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் நன்றாகத்தான் நடக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். கே.எல்.ஐ.ஏ. டெர்மினல் 2-இல் பாதுகாப்புச் சோதனையிலிருந்து நடைமேம்பாலம் தாண்டி எல், பி, கியூ வாயில்களுக்குப் போக, கால் நல்லபடி உள்ளவருக்கே இருபது நிமிடம் ஆகலாம். நாற்காலி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

விமானத்தில் உணவு தரும் நிறுவனமாக இருந்தால் ஒரு சங்கதி. "இந்து சாப்பாடு" என்று பட்டியலில் இருப்பது சைவம் அல்ல. மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். கோழியோ ஆடோ மீனோ வரலாம். விரதக்காரர்கள் கேட்க வேண்டியது "ஏஷியன் வெஜிடேரியன்", அதாவது ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு. புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும்.

யார் முதலில் கிளினிக் போக வேண்டும்

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படும். கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதாவது அந்த நாலு மணி நேரமும் சிகரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்ல உடம்புக்கு இது தெரியாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், நடந்தாலே மூச்சு வாங்குகிறவர், முன்பு காலில் இரத்தம் கட்டியவர் ஆகியோருக்குத் தெரியும். இவர்கள் டிக்கெட்டுக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கர்ப்பம் 28 வாரத்தைத் தாண்டினால் பல நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும்.

மருந்து எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டியில் வேண்டாம். பெட்டி ஒரு நாள் தாமதமானால் மாத்திரையும் தாமதம். இன்சுலினுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சரக்கறைக் குளிரில் அது உறைந்தால் வேலை செய்யாது. இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வேளை போடும் மாத்திரைக்கு இது பெரிய சிக்கல் இல்லை. இன்சுலின் போடுகிறவர் மட்டும் முதல் நாள் கணக்கை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பையும் உடையும்

கைப்பை 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். திரவம் எதுவானாலும் ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் கூடாது. எல்லாப் புட்டியும் ஒரு லிட்டர் கொள்ளும் தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். நெய், ஊறுகாய், சம்பல், தேங்காயெண்ணெய் எல்லாமே இந்தக் கணக்கில் திரவம்தான், பெரிய பெட்டியில் போடுங்கள். குழந்தைப் பாலுக்கும் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. சோதனையில் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். பவர் பேங்க் நேர்மாறு: பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான். 20,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) வரை கவலை இல்லை. ஆனால் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் மேல் அடுக்கில் வைக்கவும் நம் நாட்டு நிறுவனங்கள் 2025 முதல் தடை போட்டிருக்கின்றன. ஆகவே போனை முன்பே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள்.

கடையில் விற்கும் கழுத்துத் தலையணையைவிட உபயோகமானது வீட்டுக் கைலி. நாலாக மடித்துச் சுருட்டினால் இடுப்புக்குப் பின்னால் வைக்கும் முட்டு, விரித்தால் போர்வை, தோளில் போட்டால் ஏசிக் காற்றுக்கு மறைப்பு. பழைய, துவைத்து மெத்தென்று ஆன கைலியாக இருக்கட்டும். புதுக் கைலி கஞ்சி மொடமொடப்பில் சுருட்டினால் நிற்காது. அதோடு ஒரு ஜோடிக் காலுறை, ஈரத் துடைப்பான் ஒரு பொட்டலம், காலித் தண்ணீர் போத்தல், உதட்டுக்குத் தடவ வாசலின், போகும் இடத்து முகவரி எழுதிய துண்டுத்தாள், ஒரு பேனா. இதற்கு மேல் கால்மாட்டில் எதையும் திணிக்காதீர்கள். திணித்த அளவுக்குக் கால் நீட்டும் இடம் போகும்.

பெண்களுக்குச் சேலையைவிடப் பஞ்சாபி சூட் வசதி. சேலைதான் என்றால் பருத்தி. கொசுவம் அவிழாமல் இருக்க உள்பக்கமாக ஒரு ஊக்கு. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். உட்கார்ந்தே இருந்தால் பாதம் வீங்கும், ஆதலால் அன்றைக்கென்று வாங்கிய புதுச் செருப்பு ஆகாது. வாரைத் தளர்த்திக்கொள்ளக்கூடிய பழைய செருப்பு நல்லது.

வேனில்

முதல் நிறுத்தம் தாப்பா ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்). அதற்குப் பின் ராவாங்குக்கு முன் இன்னொன்று. தூங்குகிறவரையும் எழுப்பி இறக்குங்கள். ஐந்து நிமிடம் நடந்தால் போதும். "தூங்கட்டும், பாவம்" என்று விட்டால் நாலு மணி நேரம் கால் தொங்கியபடியே கிடந்து, விமானத்தில் ஏறும்போதே கணுக்கால் பருத்திருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உயரத்தில் அழுத்தம் குறையும்போது வயிற்றில் உள்ள வாயு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். கீழே தெரியாத வாயு மேலே உப்புசமாகத் தெரிவது அதனால்தான். கடலைச் சுண்டல், முட்டைக்கோஸ், பருப்பு நிறைய ஊற்றிய சாப்பாடு, ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி வாயு அடைத்த பானம் ஆகியவற்றை அன்று தவிருங்கள். சம்பல் வழியும் நாசி லெமாக்கும் அன்றைக்கு வேண்டாம். இட்லி, ரொட்டி, வெறும் சோறு, சூப் எல்லாம் சரி. வெறும் வயிறும் தப்பு. காலி வயிற்றில்தான் குமட்டல் அதிகம். வாந்தி வரும் என்று தெரிந்தவர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

விமான நிலையத்தில்

மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். அனைத்துலகப் பயணத்துக்குப் பல நிறுவனங்கள் 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடும். ஏர் ஆசியா என்றால் டெர்மினல் 2. பாத்திக் ஏரும் மலேசியா ஏர்லைன்ஸும் டெர்மினல் 1. வேன் ஓட்டுநரிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லுங்கள். சோதனை தாண்டியதும் காலிப் போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு எல்லாரும் ஒரு முறை கழிவறை போய்வரட்டும்.

இருக்கையில் அமரும் முறை

1. ஏறும் முன்பே கைலி, தண்ணீர், மாத்திரை மூன்றையும் ஒரு சிறு துணிப்பையில் எடுத்துக்கொண்டு, மற்றப் பையை மேலே ஏற்றிவிடுங்கள். நடைபாதையில் நின்று பையைக் கிளறினால் பின்னால் உள்ளவர்கள் முறைப்பார்கள்.

2. பெரியவர் நுழையச் சிரமப்பட்டால் நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கலாம். பல விமானங்களில் அதன் அடியில், கீல் பக்கமாக, ஒரு சிறு பொத்தான் ஒளிந்திருக்கும். விரலால் அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள்.

3. இடுப்பை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, சுருட்டிய கைலியைக் கச்சைக்கட்டு உயரத்தில் வையுங்கள். முதுகின் நடுவில் வைத்தால் கழுத்து முன்னால் தள்ளி வலிக்கும்.

4. பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்புக்குக் குறுக்கே. கழற்றக் காரில் செய்வதுபோல் பொத்தானை அழுத்தத் தேட வேண்டாம்; மூடியைத் தூக்கினால் விட்டுவிடும். இரண்டு முறை செய்துபார்க்க விடுங்கள், பதற்றத்தில் பாதி அங்கேயே இறங்கும். விளக்கு அணைந்த பிறகும் தளர்வாகப் போட்டே வைத்திருங்கள். குலுக்கல் சொல்லிக்கொண்டு வராது.

5. தலைக்கு மேலே உள்ள காற்றுத்துளையைத் திருகினால் மூடிக்கொள்ளும். நேராக உச்சந்தலையில் அடிக்க விட்டுவிட்டுப் பிறகு தைலம் தேடுவது நம்மவர் வழக்கம். கோடாலித் தைலம் தடவுவதானால் ஒரு துளி போதும். மூடிய இடத்தில் அந்த வாசம் நாலு வரிசைக்குப் போகும்.

காது

புதியவர்களை அதிகம் கலங்க வைப்பது இதுதான், அதுவும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. நடுக்காதையும் தொண்டையையும் ஒரு குறுகிய குழாய் இணைக்கிறது. மேலே ஏறும்போது காதுக்குள் விரியும் காற்று அந்தக் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடி, குழாயின் மெல்லிய வாய் ஒட்டிக்கொள்ளும். விழுங்கும் தசை இழுத்தால்தான் திறக்கும். அதனால்தான் தூங்கிக்கொண்டே இறங்குகிறவருக்கு வலி கூடுகிறது: தூக்கத்தில் நாம் அதிகம் விழுங்குவதில்லை.

தரை இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது எல்லாரையும் எழுப்பிவிடுங்கள். "ஆசாம் போய்" என்னும் உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பழம் ஒன்று வாயில் போட்டு ஊறவிட்டால் எச்சில் தானே ஊறும். இரத்தக் கொதிப்பு உள்ளவர் அந்த உப்புக்குப் பதில் சாதா மிட்டாய். வெற்றிலை போட்டாலும் காதுக்கு நல்லதுதான், துப்ப இடம் இல்லை என்பதுதான் தொல்லை. அப்படியும் அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். அதற்கும் திறக்காவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெல்ல ஊதுங்கள். மெல்ல என்பதை அடிக்கோடிடுங்கள். பலமாக ஊதினால் காதுச் சவ்வு புண்படும். வலி ஏறும்வரை காத்திருக்காமல், இறக்கம் தொடங்கியதுமே சில நிமிடத்துக்கு ஒரு முறை செய்தால் பெரும்பாலும் அடைப்பு வராது.

சளி பிடித்திருந்தால் குழாய் வீங்கியிருக்கும். இந்த வித்தை எதுவும் சரியாகப் பலிக்காது. மூக்கடைப்புக்கு விடும் மருந்தை இறக்கத்துக்கு அரை மணி முன்பு பயன்படுத்தலாம். இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம். காதில் கடும் வலியும் காய்ச்சலும் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுங்கள். ஏறியதுமே கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால், வேண்டிய நேரத்தில் குடிக்காது.

கழிவறை

போக வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பாட்டிகள் நிறைய. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பழகிய தொண்டையும் கண்ணும் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கணக்கு. ஒரே மூச்சில் குடிக்காமல் மடக்கு மடக்காக. தே தாரிக் ஒன்று தப்பில்லை; பியர் வேண்டாம்.

கழிவறையை முன்பே விளக்கிச் சொல்லிவிட்டால் பயம் போகும். கதவில் பிடி தேட வேண்டாம், பெரும்பாலும் நடுவில் தள்ளினால் மடிந்து உள்ளே போகும். தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் விளக்கு முழுதாக எரியும். தண்ணீர்க் குழாய், வாளி எதுவும் கிடையாது. ஈரத் துடைப்பான் எடுத்துப்போங்கள், அதைக் குழிக்குள் போடாமல் குப்பை மூடிக்குள் போடுங்கள். பொத்தானை அழுத்தியதும் "உஷ்" என்று பெரும் சத்தம் வரும். அது காற்று உறிஞ்சும் சத்தம், மூடியைப் போட்டுவிட்டு அழுத்தினால் அதிர்ச்சி குறையும். கைகழுவும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. செருப்பு இல்லாமல் போகாதீர்கள், தரையில் இருப்பது எப்போதும் தண்ணீர்தான் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு வண்டி வருமுன் போய்வந்துவிடுங்கள். இறங்குமுன் கடைசி நேரத்தில் எல்லாரும் ஒன்றாக எழுவார்கள், அதற்குள் பெல்ட் விளக்கு எரிந்துவிடும்.

கால்

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது. விமானம் மட்டுமல்ல, கார், வேன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் கணக்கில் விமானம் ஏறும்போதே வேனின் நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது.

அரை மணிக்கு ஒரு முறை: குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். இப்படி இருபது. அடுத்து கணுக்காலைச் சுழற்றுவது, பக்கத்துக்குப் பத்து. மணிக்கு ஒரு முறை எழுந்து கழிவறை வரை நடை. கால் மேல் கால் போட்டு உட்காராதீர்கள். முன்பு இரத்தம் கட்டியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர், அண்மையில் அறுவை செய்தவர் முழங்காலுக்குக் கீழ் வரை இறுக்கும் மருத்துவக் காலுறை போடலாம். அளவெடுத்து, மருத்துவர் சொன்ன பிறகு. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து. "இரத்தம் கட்டாம இருக்க" என்று பக்கத்து வீட்டு ஆஸ்பிரினை வாங்கி விழுங்குவதும், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பதும் வேண்டவே வேண்டாம்.

இறங்கிய பிறகு

விமானம் நின்றதும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆகும். பெரியவர் உட்கார்ந்தே இருக்கட்டும், காலை நாலு முறை ஆட்டிவிட்டு மெதுவாக எழட்டும். சட்டென எழுந்தால் தலை சுற்றும். சக்கர நாற்காலி கேட்டவர்கள் கடைசியில்தான் இறக்கப்படுவார்கள், அவசரப்பட்டு நடக்கத் தொடங்கினால் நாற்காலி வேறு யாருக்கோ போய்விடும். திருச்சியில் 2024-இல் திறந்த புதிய முனையம் பெரியது, அங்கும் நடை உண்டு. காரில் ஏறுமுன் ஒரு டம்ளர் தண்ணீர், ஐந்து நிமிட நடை.

இரண்டு கணுக்காலும் சமமாக வீங்கியிருந்தால் படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் தைலம் போட்டுத் தேய்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இது பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம், ஆகவே ஊர் திரும்பிய பிறகு கிளினிக் போனாலும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேன் நேரத்தையும் சேர்த்து.